மெஸ்ஸக்காவின் மீன்காசு

ஒரகடம் பக்கம் எந்தப் பெட்டிக்கடையிலாவது ஒரு பத்து ரூபாய் நாணயத்தை நீட்டிப் பாருங்கள். கடைக்காரர் கையால் தொடக்கூட மாட்டார். "செல்லாதுண்ணா, நோட்டா குடு" என்பார். சிங்க முத்திரை போட்டு அரசாங்கமே அடித்துவிட்ட காசு. செல்லும் செல்லும் என்று எத்தனையோ தடவை அறிவித்தும் பார்த்துவிட்டார்கள். ஊஹூம். இந்த ரோட்டில் நாலு பேர் செல்லாது என்று சொல்லிவிட்டால் பிரம்மாவே வந்து சொன்னாலும் செல்லாதுதான்.

அப்பேர்ப்பட்ட ஊரில் ஓர் எவர்சில்வர் வில்லை, மேலே ஒரு மீனை மட்டும் குத்தியது, வல்லம் வடகாலிலிருந்து வடக்குப்பட்டு வரைக்கும் கைக்குக் கை மாறிச் செலாவணியானது என்று சொன்னால் நம்புவீர்களா? சாலமோனும் நம்பவில்லை. இத்தனைக்கும் அதை வெளியிட்டவள் அவன் சொந்தப் பெண்சாதி. ஒரு பெயிண்ட் குடோன் வாசலில் செக்யூரிட்டி வேலை அவனுக்கு. போகிற வருகிறவன் பையை எல்லாம் துழாவிப் பார்க்கிறவன், தன் வீட்டுக்காரியின் காசு ஊர்ப் பைகளில் எல்லாம் கிடந்ததைக் கடைசி வாரம் வரைக்கும் கவனிக்கவில்லை.

அவள் பெயர் சூசையம்மாள். அது ஞானஸ்நானத்தில் வைத்தது. தொழிற்பேட்டை வைத்த பெயர் மெஸ்ஸக்கா. வல்லம் வடகாலில் கம்பெனிகளுக்குப் பின்பக்கம், சிமெண்ட் ஷீட் போட்ட கொட்டகையில் ஆறு வருஷம் மெஸ் நடத்தினாள். கோவில்பட்டிப் பையன்களும் விழுப்புரத்துப் பையன்களும் ஒடிசாக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்ட இடம் அது. மார்க்கெட்டுக்குத் தானே குட்டியானை லோடு வண்டியை ஓட்டிக்கொண்டு போவாள். அரிசி மூட்டையை இடுப்பில் வைத்து இறக்குவாள். குரல் இருக்கிறதே, ஷிப்டு முடிகிற சங்கைவிடச் சத்தம். மாச ஆரம்பத்தில் பணம் கட்டினால் அத்தனை வேளைக்கும் டோக்கன் தருவாள். ஒரு டோக்கனுக்கு ஒரு சாப்பாடு, வயிறு நிறைகிற வரைக்கும். ரசம் மூன்றாம் தடவை கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டாள், திட்டிக்கொண்டே ஊற்றுவாள்.

முதலில் காகித டோக்கன்தான் போட்டாள். அது பையன்களின் வேர்வையில் நனைந்து கூழாகிவிட்டது. பிளாஸ்டிக் போட்டாள், உடைந்தது. அப்புறம் ஒருநாள் பழைய இரும்புக் கடையில் ஒரு குவியலைப் பார்த்தாள். பிரஸ் கம்பெனியில் எவர்சில்வர் தகட்டில் ஓட்டை போடும்போது கீழே விழுகிற வட்ட வில்லைகள். எட்டணா அளவுக்குப் பளபளவென்று கிடந்தன. கிலோ கணக்கில் வாங்கி வந்தாள். அவர்கள் போகும் அந்தோணியார் கோயிலுக்கு வருகிற சாம்ராஜ் என்பவர் லேத் பட்டறை வைத்திருந்தார். அவர் ஒரு மீன் அச்சு செய்து, இரண்டாயிரம் வில்லையில் குத்திக் கொடுத்தார். அச்சைச் சேலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டாள். பையன்கள் அதற்கு வைத்த பெயர்தான் மீன்காசு. "மச்சான், ரெண்டு மீன் குட்றா, ஒண்ணாந்தேதி தரேன்" என்று கொட்டகை வாசலில் கேட்காத நாள் கிடையாது.

இங்கேதான் கெட்டிக்காரி ஒரு தப்பு செய்தாள். ஓ.டி. பார்க்கிற நாளில் பையன்கள் கம்பெனி கேன்டீனிலேயே சாப்பிட்டுவிடுவார்கள். அன்றைய மீன் அவர்கள் பையிலேயே தங்கிவிடும். பணம் வந்துவிட்டது, சாப்பாடு போடவில்லை. "வராத மீன் நமக்கு லாபம்யா" என்று சாலமோனிடம் சிரிப்பாள். அந்த லாபத்தில்தான் பிரிட்ஜ் வாங்கினாள், பெரிய கிரைண்டர் வாங்கினாள். காகிதமாயிருந்தால் கிழிந்து போயிருக்கும். எவர்சில்வர் எப்படிக் கிழியும்? அது லாபமில்லை, கடன் என்று புருஷனுக்கும் தெரியவில்லை, பெண்சாதிக்கும் தெரியவில்லை.

அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் வடக்குப்பட்டு கூட்ரோட்டில் எல்லப்பன் கடையிலிருந்து வரும். தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்த குடும்பம். வந்த பணத்தைக் குடித்து அழிக்காமல் கடையாக்கியவர். பொன்னியம்மன் கோயில் நிர்வாகமும் அவர் கையில்தான். கறாரான மனுஷர், ஒரு ரூபாயைக்கூட விடமாட்டார். ஆனால் சூசையம்மாளுக்கு மட்டும் மாசக்கணக்கில் கடன் கொடுத்தார். வசூலுக்கு வரும்போது வண்டியில் உட்கார்ந்தபடியே பேசுவார். "ஒரு வாய் சாப்ட்டுப் போங்கண்ணா" என்பாள். "இப்பதாம்மா சாப்ட்டு வந்தேன்" என்பார். தண்ணீர் கொடுத்தாலும் அதே பதில்தான். ஆறு வருஷத்தில் அவர் கடை அரிசியை ஊரெல்லாம் அந்தக் கொட்டகையில் தின்றது, அவர் மட்டும் ஒருநாளும் அங்கே கை நனைத்ததில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்த காரணம்தான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கம்பெனிகள் சேர்ந்து பெரிய ஹாஸ்டல் கட்டின. மாடிமேல் மாடி, உள்ளேயே கேன்டீன். பையன்கள் கும்பல் கும்பலாக அங்கே போனார்கள். பத்து பந்தி ஓடிய கொட்டகையில் இரண்டு பந்தி ஓடுவதே பெரிய பாடாகிவிட்டது. சூசையம்மாள் ஆறு மாசம் தம் கட்டிப் பார்த்தாள். எல்லப்பன் கணக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைத் தொட்டது. அன்றைக்கே மெஸ்ஸை மூடுவது என்று முடிவு செய்தாள்.

சாலமோன் பயந்த சுபாவம். அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று.

"சூச, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. குட்டியானைல பாத்திரத்த ஏத்திக்கினு திருவள்ளூர் போயிட்லாம். எந்தம்பி வூட்டாண்ட ஒரு ரூம்பு காலியா கீது. அந்த பைபாஸ் மெஸ்ஸுகாரன் அப்டித்தான போனான்? எவனாவது தேடிக்கினு போனானா?"

அவள் அண்டாவைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள். "அவன் பேரு இன்னா?"

"எவன் பேரு?"

"அதான்யா, அந்த மெஸ்ஸுகாரன் பேரு."

சாலமோன் யோசித்தான். மூன்று வருஷம் பார்த்துப் பழகிய முகம். பெயர் வரவில்லை.

"பாத்தியா? ஓடிப்போயி ஒரு வருசம் ஆவல, பேரே போச்சு. இத்த கேட்டுக்கோ. நான் வேற வேலைக்கிப் போவப்போறேன். அந்தக் கம்பெனி கேட்டுக்குள்ள நான் போற அன்னிக்கி, எவனும் வெளிய நின்னுக்கினு 'மெஸ்ஸக்கா, என் துட்டு இன்னா ஆச்சி'ன்னு கேக்கக் கூடாது. அவ்ளோதான்."

வேறு வேலை என்றால் என்ன வேலை? அதைக் கேட்டபோது சாலமோன் வாயைப் பிளந்தான். மெஸ்ஸில் சாப்பிடும் இசைவாணி என்ற பெண் சைலன்சர் கம்பெனி ஒன்றில் போர்க்லிப்ட் ஓட்டுகிறாள். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்த ஒருநாள் அவள் ஒரு லாரி லோடை எடுத்து மேல் தட்டில் வைத்ததைச் சூசையம்மாள் நின்று பார்த்திருக்கிறாள். "ஆறு வருசமா மூட்டயத் தூக்கி என் இடுப்பு போச்சுய்யா. அந்தப் பொண்ணு ஒரு வெரல்ல தூக்குது" என்றாள். குட்டியானை ஓட்டிய லைசென்ஸ் கையில் இருந்தது. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல், ஞாயிறு பூசை முடிந்ததும் தண்டலம் போய்ப் பயிற்சி முடித்து சர்டிபிகேட்டும் வாங்கிவிட்டாள். மனைவி மாதா கெபிக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தது இந்த அப்பாவி.

குட்டியானையை விற்றாள். பிரிட்ஜ், கிரைண்டர் விற்றாள். அண்டா, பெஞ்சுக்கும் பணத்தை வாங்கிக்கொண்டு, மெஸ் மூடிய பிறகு எடுத்துப்போகச் சொன்னாள். கழுத்துச் சங்கிலியையும் விற்றாள். எல்லப்பன் கணக்குக்குச் சரியாக வந்தது. பணத்தை மஞ்சப்பையில் போட்டுக் கட்டி வைத்தாள். திங்கட்கிழமை அந்த சைலன்சர் கம்பெனியில் புது வேலை. அதற்கு முந்தின வாரம் கொட்டகை வாசலில் சாக்பீஸால் ஒரு போர்டு எழுதி மாட்டினாள்: 'மெஸ் மூடப்படுகிறது. மீன் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சாப்பிடலாம், அல்லது பணம் வாங்கிக்கொள்ளலாம். ஒரு மீன் 60 ரூபாய்.'

"இதான் வாணாங்கறது" என்று சாலமோன் தலையில் அடித்துக்கொண்டான். "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. எவன் கேட்டான் உன்ன?"

"ஒரு நூறு நூத்தம்பது இருக்கும்யா. போவட்டும்."

முதல் நாள் பையன்கள் வந்தார்கள். ஜட்டிப் பையிலிருந்தெல்லாம் மீன் எடுத்தார்கள். பாதிப் பேர் சாப்பிட்டார்கள், பாதிப் பேர் பணம் வாங்கினார்கள். அன்றைக்கே நூறு தாண்டிவிட்டது. மறுநாள் காலை, முடிவெட்டுகிற மணிகண்டபிரபு ஒரு பவுடர் டப்பா நிறைய மீன் கொண்டுவந்து மேஜைமேல் கவிழ்த்தார். அவர் மெஸ்ஸில் சாப்பிட்டதே இல்லை, வீட்டுச் சாப்பாடு.

"உங்களுக்கு ஏதுண்ணா இவ்ளோ?" என்றாள் சூசையம்மாள்.

"மாசக் கடைசில எவன் கைல துட்டு கீது? முடி வெட்டிக்கினு மீனக் குடுப்பானுங்க. வாங்கிப் போட்டுக்குவேன்."

"அப்பப்ப வந்து மாத்தி இருக்கலாம்ல?"

"மெஸ்ஸக்கா மீனு எங்க ஓடப்போவுது? பேங்க்ல போட்டா மெசேஜுக்குன்னு காசு புடிக்கிறான். உன் மீனு போட்டது போட்டபடி கீது."

அதற்கப்புறம்தான் மடை திறந்தது. ரீசார்ஜ் கடைக்காரர் வந்தார். பானிபூரி விற்கிற பீகார்க்காரர் வந்தார். ஷேர் ஆட்டோ ஓட்டும் கொம்பையா வந்தார், திருநெல்வேலிக்காரர். "எக்கா, பயலுவ சில்லற இல்லன்னா இதத்தான் தாரானுவ. நானும் பஞ்சர் கடைக்கு இதத்தான் குடுக்கேன். அவரும் வாரார் பின்னால" என்றார். சொன்னபடியே பஞ்சர் கடைக்காரர் பின்னால் நின்றார். அந்தோணியார் கோயில் உபதேசியார், காணிக்கைப் பையில் விழுந்தவற்றை ஒரு கவரில் போட்டுக்கொண்டு வெட்கத்தோடு வந்தார். சாலமோன் அன்று லீவு போட்டுவிட்டு மனைவிக்கு உதவியாக எண்ணிக்கொண்டிருந்தான். உபதேசியாரைப் பார்த்ததும் எழுந்து நின்றவன் உட்கார மறந்துவிட்டான்.

பூ விற்கும் செங்கமலம் வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தபோதுதான் அவன் எண்ணுவதை நிறுத்தினான். குவியலாக விழுந்தது. எண்ணினால் இருநூறுக்கு மேல்.

"பூவுக்கு வாங்கினதா செங்கமலம்?" என்றாள் சூசையம்மாள். அவள் குரலே இறங்கிவிட்டது.

"கொஞ்சம் பூவுக்கு. மீதி நானே பசங்ககிட்ட துட்டு குடுத்து வாங்கினேங்க்கா. எம்பொண்ணு ரஞ்சனி பெரிய மனுசி ஆவுற வயசு. சடங்குக்கு எரநூறு பேருக்கு உங்கிட்ட சாப்பாடு எடுத்துக்கலாம்னு சேத்துக்கினு வந்தேன். நீ இப்ப மூட்றேங்கற."

கைக்காசு கொடுத்து வாங்கிச் சேர்த்திருக்கிறாள்! தங்கம் சேர்ப்பவர்கள் உண்டு, சீட்டு போடுபவர்கள் உண்டு. எங்கிருந்தோ வந்து எங்கோ போகிற பயல்கள் நிறைந்த இந்த இடத்தில், ஒருத்தி தன் மகளின் சடங்குச் சாப்பாட்டை இவன் பெண்சாதி குத்திய தகரத்தில் சேர்த்து வைத்திருக்கிறாள். நாம் திருவள்ளூருக்கு ஓடியிருந்தால் இந்தப் பொம்பளை முந்தானையோடு யார் வாசலில் போய் நின்றிருப்பாள் என்று நினைத்தான் சாலமோன். கண்ணில் நீர் வந்துவிட்டது. வெங்காயம் உரிப்பவன்போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மஞ்சப்பை இளைத்துக்கொண்டே வந்தது. எல்லப்பனுக்கென்று கட்டி வைத்த பணம் அது. வரிசை மட்டும் குறையவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லப்பனே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் துண்டில் கட்டிய மூட்டை. வழக்கத்துக்கு மாறாக வண்டியை விட்டு இறங்கினார். வரிசையில் நின்றவர்கள் விலகி வழி விட்டார்கள். மூட்டையை மேஜைமேல் அவிழ்த்தார். அத்தனையும் மீன்.

"இன்னாம்மா சூசை இது? ஆடி உண்டியல எண்ணினோம். அம்மனுக்கு உன் மீனப் போட்டு வெச்சிகீறானுங்க. அம்மன் இன்னா உன் மெஸ்ஸுல வந்து குந்திக்கினு சாப்புடுமா?"

"அம்மன் காசு நம்மகிட்ட நிக்கக் கூடாதுண்ணா" என்று அவள் எழுந்து, எண்ணி, மஞ்சப்பையிலிருந்து பணத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சரி, என் கணக்கு?"

"இதான்ணா உங்க கணக்கு. இந்தப் பைல இருந்தது பூரா உங்க துட்டுதான். அதுலருந்துதான் அம்மனுக்கும் எடுத்தேன். இவங்களுக்கும் அதுலருந்துதான் குடுத்துக்கினு கீறேன்."

ஒரு நிமிஷம் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் கத்தினாரே ஒரு கத்தல், எதிர்க் கம்பெனி செக்யூரிட்டி எட்டிப் பார்த்தான்.

"என் துட்ட எடுத்து எங்கையிலயே குடுத்துட்டு, அத்த எனக்கே கொறச்சலா காட்டுவியா? இன்னா கில்லாடித்தனம் இது? எவனுக்கோ குடுக்க என் காசுதான் கெடச்சிதா?"

சாலமோன் சுவரோரம் ஒதுங்கினான். அவன் மனைவி ஒதுங்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். அவள் அப்படி மெதுவாகப் பேசி அந்தக் கொட்டகை கேட்டதில்லை.

"அண்ணா, உங்களுக்கு என் வூடு தெரியும், இவரு வேல பாக்கற எடம் தெரியும். நாளைக்கி நான் குடுக்கலன்னா எங்க வூட்டாண்ட வந்து கேப்பீங்க, பஞ்சாயத்துல வெச்சிக் கேப்பீங்க. அந்தப் பீகார்க்காரன் எங்க போயிக் கேப்பான்? அவங்கிட்ட கீறது இந்த வில்ல ஒண்ணுதான். அவனுக்குக் குடுத்துட்டு உங்களுக்கு பாக்கி வெக்கறேன். மாசாமாசம் சம்பளத்துல தரேன். திட்டுங்க, வாங்கிக்கறேன்."

எல்லப்பன் திட்டவில்லை. வரிசையைப் பார்த்தார். அதில் அவர் கடையில் மூட்டை இறக்குகிற பையனும் நின்றான், முதலாளியைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான். அவர் குவியலிலிருந்து ஒரு மீனை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"மொத்தம் எத்தினி அடிச்ச?"

"ரெண்டாயிரம்ணா. இப்ப எண்ணிப் பாத்தாதான் தெரியுது, கல்லாவுல கெடந்தது போவ ஆயிரத்து எரநூறு வெளிய இருந்துகீது. பாதி வந்துடுச்சி."

"கள்ளம் எத்தினி?"

"ஒண்ணுகூட இல்லண்ணா."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட. எல்லாம் சாம்ராஜ் அண்ணன் குத்தினதுதான். நான் பாத்துதான் வாங்கறேன்."

அங்கேதான் அவர் அசந்துபோனார். சுற்றிலும் பிரஸ் கம்பெனிகள். இந்த வில்லை ஒவ்வொன்றிலும் டன் டன்னாக விழுகிறது. வரிசையில் நிற்கும் பயல்களில் பாதிப் பேருக்கு ஒரு அச்சு வெட்டுவது மத்தியானச் சாப்பாட்டு நேரத்து வேலை. அத்தனை தொழில் தெரிந்தும் ஒருத்தனும் கள்ள மீன் அடிக்கவில்லை. எல்லப்பன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஆறு வருஷத்தில் அந்தக் கொட்டகையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"துட்டு குடுக்கறத நிறுத்து. பைல மிச்சம் கீறத என் கணக்குல குடு" என்றார். "மீனு வெச்சிகீறவன் எல்லாம் என் கடைக்கு வரட்டும். அறுவது ரூவாக்கி அரிசியோ பருப்போ எடுத்துக்கினு போவட்டும். இதுவரிக்கும் நீ துட்டு குடுத்து வாங்கின மீனையும் எங்கிட்ட குடுத்துடு. எல்லாம் என் பெட்டில கெடக்கட்டும். சம்பளம் வாங்க வாங்க வந்து மீட்டுக்கோ. வட்டி வாணாம்."

அவரை உடனே மகானாக்கிவிடாதீர்கள். அறுபது ரூபாய் மீனோடு வருகிறவன் இருநூறு ரூபாய்க்கு வாங்காமல் போகமாட்டான் என்று அந்த ஒரு நிமிஷத்தில் கணக்குப் போட்டிருப்பார், வியாபாரி. ஆனாலும் எழுந்து நின்று வரிசையைப் பார்த்து, "மெஸ்ஸக்கா மீனு இனிமே எல்லப்பன் கடைல செல்லும்" என்று உரக்கச் சொன்னார். மீனை இன்னும் பணமாக மாற்றாமல் நின்ற செங்கமலத்திடம், "சடங்கு வெக்கறப்ப வா, மூட்டயா எடுத்துக்கோ" என்றார்.

"ஒரு வாய் தண்ணியாவது குடிங்கண்ணா" என்றாள் சூசையம்மாள்.

"இப்பதாம்மா குடிச்சிட்டு வந்தேன்" என்று வண்டியைக் கிளப்பினார்.

திங்கட்கிழமை அவள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தாள். சாலமோன் எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் வந்து மறிக்கவில்லை. காசு கேட்கவில்லை. ஷேர் ஆட்டோவிலிருந்து கொம்பையா மட்டும் ஆரன் அடித்துக் கையாட்டிவிட்டுப் போனார்.

ஆயுத பூஜை அன்று குடும்பத்தாரை உள்ளே விட்டார்கள். ஒவ்வொரு போர்க்லிப்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். தலையில் ஹெல்மெட், கழுத்தில் ஜெபமாலை, சூசையம்மாள் ஏறி உட்கார்ந்து பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டியை எடுத்தாள். இடுப்பளவு இரும்புத் தொட்டி ஒன்று ஓரமாக நின்றது. வண்டியின் இரண்டு நாக்கும் அதன் அடியில் ஓசையில்லாமல் நுழைந்தன. தொட்டி தரையை விட்டு எழும்பியது. சாலமோன் எட்டிப் பார்த்தான்.

உள்ளே வில்லைகள். அதே அளவு, அதே பளபளப்பு. நூறு ஆயிரம் இல்லை, லட்சம் இருக்கும். மீன் மட்டும்தான் இல்லை.

அவன் கை தானாக உள்ளே போய் ஒரு பிடி அள்ளியது. பொய் சொல்வானேன், அந்த ஒரு நொடியில் அவன் சேலைப் பெட்டிக்குள் இருக்கும் அச்சை நினைத்தான். ஒரு சுத்தியல் போதும். ஒரு ராத்திரி தட்டினால் எல்லப்பன் கடன் முடிந்தது.

"உள்ள போடுய்யா" என்றாள் மேலேயிருந்து. "கம்பெனி பொருளு. செக்யூரிட்டியா கீற, உனக்கே சொல்லணுமா?"

போட்டான். அவள் சிரித்துவிட்டுத் தொட்டியை உயர்த்தினாள். அரிசி மூட்டையை இடுப்பில் சுமந்தவள், ஒரு டன் இரும்பை மூன்றாம் தட்டுக்கு ஒரு குலுங்கல் இல்லாமல் கொண்டுபோனாள். கழுத்து வலிக்கிற வரைக்கும் அண்ணாந்து பார்த்தான் சாலமோன். அவ்வளவு வில்லை கிடக்கிறது, கிலோ விலைக்குப் போகிற குப்பை. இவள் தொட்டு மீன் குத்தியதைத்தான் ஊர் முடிந்து வைத்துக்கொண்டது, சாமி உண்டியலில் போட்டது. இப்பேர்ப்பட்டவளுக்கா நான் புருஷன் என்று மேலெல்லாம் சிலிர்த்தது அவனுக்கு. பூஜை நடக்கிற இடம் என்றுகூடப் பார்க்காமல் சிலுவை போட்டுக்கொண்டான்.

அதற்கப்புறம் மாசாமாசம் சம்பளம் வந்த மறுநாள் இருவரும் எல்லப்பன் கடைக்குப் போவார்கள். சூசையம்மாள் பணத்தை வைப்பாள், அவர் பெட்டியிலிருந்து மீன்களை எண்ணித் தருவார். புடவை எடுக்கவில்லை, கிறிஸ்துமசுக்குக்கூட. ஓ.டி. கூப்பிட்டால் முதல் ஆளாகப் போனாள். ஒரு மாசம் காய்ச்சலில் விழுந்து சம்பளம் குறைந்தபோது சாலமோன் தன் சம்பளத்தைக் கொண்டுபோய் மீன் வாங்கி வந்தான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு நிமிர்ந்து நடந்தது அன்றைக்குத்தான்.

அடுத்த ஆடி கழிந்து, மார்கழி கழிந்து, பொங்கலும் போயிற்று. ஒரு சனிக்கிழமை கடைசிக் கட்டுப் பணத்தோடு போனார்கள். எல்லப்பன் பெட்டியைக் கவிழ்த்து எண்ணினார். சூசையம்மாள் திருப்பி எண்ணினாள்.

"ஒண்ணு கொறையுதுண்ணா."

"தெரியும்" என்றார். சட்டைப்பையிலிருந்து அந்த ஒன்றை எடுத்தார். கொடுக்கவில்லை, உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

அவள் அறுபது ரூபாயை மேஜையில் வைத்தாள். அவர் அதை அவள் பக்கமே தள்ளினார்.

"போர்டுல இன்னா எழுதியிருந்த? ஞாபகம் கீதா?"

"மீனு வெச்சிகீறவங்க பணம் வாங்கிக்கலாம்னு..."

"அதுக்கு முன்னாடி இன்னா எழுதின?"

சூசையம்மாள் வாயைத் திறப்பதற்குள் சாலமோன் சொன்னான். "வந்து சாப்புடலாம்னு."

"ஆங். நான் சாப்புட்றேன். நாளைக்கி ஞாயித்துக்கெழம. வூட்ல இருப்பீங்கல்ல?" என்றார் எல்லப்பன். மூட்டை இறக்கிய பையன் தோளில் மூட்டையோடு அப்படியே நின்றான். கடையில் பருப்பு வாங்க நின்ற இரண்டு ஊர்ப் பெரிய மனுஷர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை.

சொன்னபடி வந்தார். பட்டப்பகலில், தெரு முழுக்கப் பார்க்க, அந்தோணியார் கோயில் தெருவில் வண்டியை நிறுத்தினார். சாலமோன் செம்பில் தண்ணீர் ஊற்றினான். அவர் கை கழுவினார். கூடத்தில் இலை போட்டிருந்தது. சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தாள் சூசையம்மாள். ஹாஸ்டல் வந்த பிறகு இவ்வளவு பெரிய சட்டியில் அவள் சமைத்ததில்லை.

எல்லப்பன் மீன்காசை இலையின் தலைமாட்டில் வைத்தார். சோற்றைப் பிசைந்து முதல் வாய் எடுத்து வைத்தார். பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்தார்.

"ஒரு மீனுக்கு எத்தினி வாட்டி கொழம்பு ஊத்துவ?"

"வயிறு நெறையற வரிக்கும்ணா. நம்ம மெஸ்ஸுல அதான் கணக்கு."

"அப்ப ஊத்து."

ஊற்றினாள். இன்னொரு தடவையும் ஊற்றினாள். அவர் வயிறாரச் சாப்பிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டுப் போனார்.

வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டிய பிறகும் சாலமோன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே வந்தபோது அவள் இலையோரத்து மீனை எடுத்துக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் ஈரம். அதைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"இன்னாமே, அழுவுற?" என்றான்.

"இப்பதான்யா மெஸ்ஸ மூடினேன்" என்றாள்.